'டயர் சத்தம்தாங்க' என்று விட்டுவிடலாமா? காரில் கேட்கும் 'உம்ம்ம்' சத்தமும் வீல் பேரிங்கும்... முழு விவரம்

மேச்சேரியில் இருந்து ஓமலூர் நோக்கி ஒரு பழைய ஹேட்ச்பேக் கார் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 40 கிலோமீட்டர் வேகம் வரை ஒன்றும் தெரியவில்லை. 60-ஐத் தாண்டியதும் காலுக்குக் கீழே எங்கிருந்தோ 'உம்ம்ம்' என்று ஒரு சத்தம். வேகம் கூடக் கூட அதுவும் கூடுகிறது. கண்ணாடியை ஏற்றிவிட்டு பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் காதில் விழுவதே இல்லை. பின் சீட்டில் இருப்பவர் கேட்டால், "டயர் தேஞ்சிருக்கும்ங்க, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கிற பதில்.

அது டயராகவும் இருக்கலாம். ஆனால் வீல் பேரிங்காக இருந்தால் அடுத்த மாதம் வரை காத்திருப்பது ஆபத்து. சக்கரத்தை காரோடு பிடித்து வைத்திருக்கும் பாகம் அது. முதலில் சத்தம் மட்டும்தான் வரும். பிறகு சக்கரத்தில் ஆட்டம் தெரியும். அதற்கும் பிறகு ஓட்டினால் பேரிங் சூடேறி இறுகலாம், உடைந்து சக்கரம் சாயலாம், மிக மோசமான நிலையில் ஹப்போடு சக்கரமே கழன்று ஓடலாம். லாரிகள் வரிசை கட்டிப் போகும் மேட்டூர் - மேச்சேரி - தொப்பூர் சாலையில் இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வாடகை கார், லாரி, பஸ் போன்ற போக்குவரத்து வாகனங்களுக்கு முதல் 8 ஆண்டுகள் வரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று புதுப்பிக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கான காருக்கு அப்படி இல்லை. பதிவு முடியும் 15-வது ஆண்டில்தான் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காரைக் காட்ட வேண்டியிருக்கும். நடுவில் எடுக்கும் மாசு சான்றிதழ் புகையை மட்டுமே பார்க்கிறது. அதாவது 15 ஆண்டுகளுக்கு உங்கள் காரின் வீல் பேரிங் நல்லா இருக்கா, இல்லையா என்று அரசு தரப்பில் யாரும் பார்க்கப்போவதில்லை. பார்க்க வேண்டியது உரிமையாளரும் அவருடைய மெக்கானிக்கும்தான்.

பேரிங் என்ன வேலை செய்கிறது?

மாட்டு வண்டிச் சக்கரத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். சக்கரத்தின் நடுவில் இருக்கும் குடம்தான் ஹப். அதற்குள் நுழையும் இரும்புத் தண்டு அச்சு. சக்கரம் கழன்று வராமல் இருக்க வெளியே கடையாணி. இரண்டு பரப்பும் நேரடியாக உரசுவதால் அடிக்கடி வண்டி மை போட வேண்டும். விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்துச் செய்த அந்த மைதான் அன்றைய கிரீஸ்.

காரில் குடத்துக்கும் அச்சுக்கும் நடுவே பேரிங் வந்துவிட்டது. உள்ளே ஒரு எஃகு வளையம், வெளியே ஒரு எஃகு வளையம், இரண்டுக்கும் இடையே இரண்டு வரிசையாக எஃகு குண்டுகள். குண்டுகள் ஒன்றோடு ஒன்று மோதாமல் இருக்க ஒரு கூண்டு. கிரீஸ் வெளியே போகாமலும், தண்ணீரும் மண்ணும் உள்ளே வராமலும் இருக்க இருபுறமும் ரப்பர் சீல். உரசுவதற்குப் பதிலாக உருள்வதால்தான் பெரிய சூடோ தேய்மானமோ இல்லாமல் சக்கரம் லட்சம் கிலோமீட்டர் சுற்றுகிறது.

விளக்கெண்ணெய் இந்தக் கதையில் இருந்து முழுதாக வெளியேறவும் இல்லை. பரவலாகப் பயன்படும் லித்தியம் கிரீஸுக்கு அடிப்படையான 12-ஹைட்ராக்சி ஸ்டியரிக் அமிலம் விளக்கெண்ணெயில் இருந்துதான் எடுக்கப்படுகிறது. சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்குமாக வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. வண்டிச் சக்கரத்துக்கு உதவிய அதே ஆமணக்கு இன்று கார் சக்கரத்துக்குள்ளும் இருக்கிறது.

எல்லா காரிலும் பேரிங் ஒரே மாதிரி இருக்காது. அம்பாசிடர் காலத்து வண்டிகளிலும் லாரிகளிலும் கூம்பு வடிவ டேப்பர் ரோலர் பேரிங் உண்டு. அதைக் கழற்றி, கழுவி, கிரீஸ் வைத்து, இறுக்கத்தைச் சரிசெய்து மறுபடி போடலாம். சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரிப் பட்டறைகளில் 'ஹப் கிரீஸிங்' என்று சொல்வது இந்த வேலையைத்தான். இன்றைய கார்களில் பெரும்பாலும் சீல் செய்யப்பட்ட பேரிங்தான். அதற்குள் புதிதாக கிரீஸ் வைக்க வழியில்லை. "கொஞ்சம் கிரீஸ் அடிச்சா சத்தம் போயிரும்" என்று யாராவது சொன்னால், உங்கள் காரில் இருப்பது எந்த வகை என்று முதலில் கேளுங்கள். சீல் செய்த வகை என்றால் சத்தம் வந்தபின் ஒரே வழி, மாற்றுவதுதான்.

ஏன் கெட்டுப்போகிறது?

165/80 ஆர்14 அளவு டயர் ஒரு கிலோமீட்டருக்கு 500 முறைக்கு மேல் சுற்றுகிறது. லட்சம் கிலோமீட்டர் ஓடிய காரில் அந்தப் பேரிங் 5 கோடி சுற்றுக்கு மேல் பார்த்திருக்கும். இவ்வளவு சுற்றியும் தேயாமல் இருப்பதுதான் ஆச்சரியம். ஆனால் பெரும்பாலான பேரிங்குகள் வயதாகி ஓய்வது இல்லை, இடையில் ஏதாவது ஒன்றால் அடிபடுகின்றன.

முதல் எதிரி தண்ணீர். மழையில் நனைவதால் ஒன்றும் ஆகாது. ஓடி ஓடி சூடான ஹப், தேங்கிய தண்ணீருக்குள் சட்டென்று இறங்கும்போதுதான் பிரச்னை. உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். அந்த இழுப்பில், சீல் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் தண்ணீர் உள்ளே போய்விடும். பிறகு துரு, அதன் பிறகு சத்தம். வாட்டர் சர்வீஸில் அழுத்தமான தண்ணீரை ஹப்பின் நடுவில் நேராகப் பீய்ச்சி அடிப்பதும் இதே வேலையைச் செய்யும்.

அடுத்தது அடி. வெள்ளைக் கோடு இல்லாத வேகத்தடையில் வேகமாக ஏறி இறங்கும்போதும், பள்ளத்தில் சக்கரம் 'தொம்' என்று விழும்போதும் அந்த அதிர்ச்சியை குண்டுகள் எஃகு வளையத்தின் மேல் இறக்குகின்றன. வளையத்தில் கண்ணுக்கு எளிதில் தெரியாத சின்னக் குழிகள் விழும். உலோகத்தின் கடினத்தை குண்டு வைத்து அழுத்தி அளக்கும் முறையைக் கண்டுபிடித்த ஸ்வீடன் பொறியாளர் பிரினெல் பெயரால் இதை 'பிரினெலிங்' என்பார்கள். அந்தக் குழிகள் மேல் ஒவ்வொரு குண்டும் ஏறி இறங்குவதுதான் உங்களுக்கு 'உம்ம்ம்' என்று கேட்கிறது.

பாரத்தின் கணக்கை பலர் கவனிப்பதே இல்லை. பால் பேரிங்கின் ஆயுள், அதன் மேல் விழும் பாரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்பது பொறியியலில் ஏற்கப்பட்ட சூத்திரம். பாரம் கால் பங்கு கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். இரண்டு மடங்கானால் எட்டில் ஒரு பங்கு. ஐந்து பேர் காரில் எட்டுப் பேரும், டிக்கியில் இரண்டு அரிசி மூட்டையும் ஏற்றிப் போவது ஒருநாள் என்றால் பரவாயில்லை. தினமும் அப்படி என்றால் கணக்கு வேறு. அழகுக்காக அகலமான வீல், வெளியே துருத்தும் வீல் மாட்டுவதும் பேரிங் மேல் விழும் நெம்புதலைக் கூட்டும்.

மலைப்பாதை இறக்கமும் ஒரு காரணம். தர்மபுரி பக்கமிருந்து சேலம் நோக்கி தொப்பூர் கணவாயில் இறங்கும்போது பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால், டிஸ்க்கின் சூடு ஹப்புக்கு இறங்கி கிரீஸை இளக்கும். கீழ் கியரில் இறங்கச் சொல்வது பிரேக்குக்காக மட்டும் அல்ல.

இன்னொன்று பட்டறைக்காரர்களுக்கு: காரில் வெல்டிங் வைக்கும்போது எர்த் கிளிப்பை எங்கோ தூரத்தில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாயலாம். குண்டுக்கும் வளையத்துக்கும் நடுவே சின்னப் பொறி பறந்து புள்ளி புள்ளியாகக் குழி விழும். வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே எர்த் கொடுத்தால் போதும்.

டயரா, பேரிங்கா... கண்டுபிடிப்பது எப்படி?

முதல் சோதனை காதால். போக்குவரத்து இல்லாத நேரான சாலையில் சத்தம் வரும் வேகத்துக்குப் போய், கியரை மாற்றிப் பாருங்கள். இன்ஜின் சுற்றும் வேகம் மாறியும் சத்தம் மாறவில்லை என்றால் காரணம் இன்ஜின் இல்லை, சக்கரத்தின் பக்கம்தான். அடுத்து சாலையைக் கவனியுங்கள். கான்கிரீட்டில் இருந்து புது தார்ச்சாலைக்கு மாறும்போது டயர் சத்தம் நன்றாக மாறும். பேரிங் சத்தம் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

பிறகு வளைவு. இடதுபக்கம் திரும்பும்போது காரின் பாரம் வலதுபக்கச் சக்கரங்கள் மேல் சாய்கிறது. அப்போது சத்தம் கூடினால் சந்தேகம் வலதுபக்கத்தின் மேல். வலதில் திரும்பும்போது கூடினால் இடதுபக்கம். இதை நூற்றுக்கு நூறு நம்ப முடியாது. இரண்டு வரிசை குண்டுகளில் எந்த வரிசை கெட்டது என்பதைப் பொறுத்து சில நேரம் தலைகீழாகவும் கேட்கும். எந்தப் பக்கம் முதலில் பார்க்கலாம் என்பதற்கு மட்டும் இது உதவும். அதற்காக தேசிய நெடுஞ்சாலையில் காரை இடவலமாக ஆட்டிப் பார்க்கும் வேலை வேண்டாம்.

காரை நிறுத்திவிட்டு டயரின் மேல்பரப்பைக் கையால் தடவிப் பாருங்கள். மேடு பள்ளமாக, ரம்பம் மாதிரி கையில் தட்டுப்பட்டால் சத்தம் டயருடையதாக இருக்கலாம். சந்தேகம் தீரவில்லை என்றால் முன் டயரையும் பின் டயரையும் இடம் மாற்றுங்கள். சத்தமும் இடம் மாறினால் டயர். மாறாமல் அதே மூலையில் இருந்தால் பேரிங். செலவே இல்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் நான்கு டயரும் புதிதாக வாங்கிப் போட்டு, "சத்தம் அப்படியேதான் இருக்குங்க" என்று திரும்பி வருபவர்கள் உண்டு.

இனி ஜாக்கி. சமதளத்தில் காரை நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கல்லோ கட்டையோ வைத்து, தூக்கிய பக்கத்தில் ஸ்டாண்டும் வைத்த பிறகுதான் சக்கரத்தைத் தொட வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி காருக்குக் கீழே கையோ தலையோ போகக் கூடாது. சக்கரத்தின் உச்சியில் ஒரு கையும் அடியில் ஒரு கையும் வைத்து, கடிகாரத்தில் 12-ம் 6-ம் இருக்கும் இடத்தில், தள்ளி இழுத்துப் பாருங்கள். 'டக் டக்' என்று ஆட்டம் தெரிந்தால் இன்னொருவரை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றுபோனால் பேரிங். மிதித்த பிறகும் ஆடினால் பால் ஜாயிண்ட் அல்லது சஸ்பென்ஷனில் கோளாறு. 3-ம் 9-ம் இருக்கும் இடத்தில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராட் எண்டைப் பார்க்க வேண்டும்.

சீல் செய்த பேரிங்கில் கைக்குத் தெரியும்படி ஆட்டமே இருக்கக் கூடாது. டயல் கேஜ் வைத்து அளக்கும் பட்டறைகளில் பார்த்தால், பல கார்களுக்கு அனுமதிக்கப்படும் அளவே 0.05 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அதே சமயம், ஆட்டம் இல்லை என்பதாலேயே பேரிங் நல்லது என்று முடிவு கட்டவும் முடியாது. கெட்டுப்போகத் தொடங்கிய பேரிங்கில் ஆட்டம் வராது, கரகரப்புதான் வரும். ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, மறு கையை சுருள் ஸ்பிரிங்கின் மேல் வையுங்கள். நல்ல பேரிங்கில் கைக்கு ஒன்றும் தெரியாது. கெட்டதில், மாவு அரைக்கும் கல்லைத் தொட்ட மாதிரி ஒரு நறநறப்பு ஸ்பிரிங் வழியாக ஏறி வரும்.

நெடுந்தூரம் போகும் லாரி டிரைவர்கள் டீக்கடையில் நிறுத்தியதும் சக்கரத்தைச் சுற்றி வந்து ஹப் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சக்கரம் மட்டும் மற்றதைவிட அதிகமாகச் சுட்டால் அங்கே ஏதோ சரியில்லை. காரிலும் இது செல்லும். ஆனால் பிரேக் டிஸ்க்கைத் தொட்டுவிடாதீர்கள், கை வெந்துவிடும். அதோடு, பிரேக் பிடித்துக்கொண்டிருந்தாலும் சக்கரம் சூடாகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஏ.பி.எஸ். விளக்கு எரிவதும் ஒரு அறிகுறி. பல கார்களில் சக்கர வேகத்தைச் சொல்லும் காந்த வளையம் பேரிங்கின் சீலிலேயே இருக்கிறது. பேரிங்கில் ஆட்டம் வந்தால் சென்சாருக்கும் வளையத்துக்கும் உள்ள இடைவெளி மாறி விளக்கு எரியலாம். முதல் மிதியில் பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போவதும் இப்படித்தான்: ஆடுகிற டிஸ்க், பிரேக் பேடைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது.

மாற்றும்போது எங்கே தப்பு நடக்கிறது?

புது பேரிங் போட்டு இரண்டு மாதத்தில் மறுபடி சத்தம் வந்தால் பழி பெரும்பாலும் கம்பெனி மேல் விழும். உண்மையில் பல நேரம் தப்பு நடப்பது மாட்டும்போதுதான்.

சில கார்களில் ஹப்பும் பேரிங்கும் சேர்ந்த ஒரே யூனிட்டாக வரும். நான்கு போல்ட்டைக் கழற்றி மாட்டினால் முடிந்தது. வேறு சில சிறிய கார்களில் பின்சக்கர பேரிங் பிரேக் டிரம்முக்குள்ளேயே இருக்கும். சிக்கல் முன்சக்கரத்தில்தான். நம் ஊரில் ஓடும் பல ஹேட்ச்பேக் கார்களில் முன் பேரிங், நக்கிள் எனப்படும் வார்ப்பிரும்புப் பாகத்துக்குள் இறுக்கமாக அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். ஆக்சில் நட்டு, காலிப்பர், டிஸ்க், ஏ.பி.எஸ். சென்சார், டை ராட் எண்ட், பால் ஜாயிண்ட் எல்லாம் கழற்றி நக்கிளை வெளியே எடுக்க வேண்டும். காலிப்பரை பிரேக் குழாயில் தொங்கவிடாமல் கம்பியில் கட்டி வைக்க வேண்டும். பிறகு நக்கிளை லேத் பட்டறைக்கோ, ஹைட்ராலிக் பிரஸ் இருக்கும் இடத்துக்கோ கொண்டுபோக வேண்டும். இதைத் தவிர்க்க நினைத்து சுத்தியலை எடுக்கும்போதுதான் பேரிங்கின் ஆயுள் அங்கேயே குறைகிறது.

விதி ஒன்றுதான். பேரிங்கை நக்கிளுக்குள் அழுத்தும்போது வெளி வளையத்தின் மேல் மட்டுமே அழுத்தம் விழ வேண்டும். ஹப்பை பேரிங்குக்குள் அழுத்தும்போது உள் வளையத்துக்குக் கீழே தாங்கல் இருக்க வேண்டும். மாறி அழுத்தினால் அந்த டன் கணக்கான விசை குண்டுகள் வழியாகப் போய், சாலைக்கு வருவதற்கு முன்பே வளையத்தில் குழி விழுந்துவிடும். பார்க்கப் புதிதாகத்தான் இருக்கும். பழைய ஹப்பைக் கழற்றும்போது அதில் உள் வளையம் ஒட்டிக்கொண்டு வருவது வழக்கம். அதை வெட்டி எடுக்கும்போது ஹப்பின் தண்டில் கிரைண்டர் பட்டு பள்ளம் விழுந்திருந்தால் ஹப்பையும் மாற்றிவிடுவது நல்லது. சர்க்ளிப் அதன் காடியில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

காந்த வளையம் உள்ள பேரிங் என்றால் அந்தப் பக்கம் சென்சாரை நோக்கி இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் கார் ஓடும், சத்தம் வராது, ஏ.பி.எஸ். மட்டும் வேலை செய்யாது. பிறகு எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும், அழுத்தி எடுத்த பேரிங்கும் வீண். அந்தப் பக்கத்தை ஸ்பீக்கர் காந்தத்துக்குப் பக்கத்தில்கூட வைக்காதீர்கள்.

கடைசியாக ஆக்சில் நட்டு. பேரிங்கின் உள் வளையங்களைச் சரியான இறுக்கத்தில் பிடித்து வைப்பது இதுதான். காரைப் பொறுத்து 150 முதல் 300 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும். உங்கள் மாடலுக்கான அளவு சர்வீஸ் கையேட்டில் இருக்கிறது. ஏர் கன் வைத்து 'டர்ர்ர்' என்று இறுக்கினால் அது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. டார்க் ரெஞ்ச்தான் வேண்டும். விளிம்பைத் தட்டி அடைக்கும் வகை நட்டு என்றால் ஒவ்வொரு முறையும் புதிது. நட்டைத் தளர்த்திய நிலையில் காரை அந்தச் சக்கரத்தின் மேல் இறக்கவும் கூடாது, ஒரு அடிகூட உருட்டவும் கூடாது.

நான்கையும் மாற்ற வேண்டுமா?

தேவையில்லை. பிரேக் பேடு மாதிரி ஜோடியாக மாற்றியே ஆக வேண்டிய பொருள் இல்லை இது. கெட்டது ஒன்று என்றால் ஒன்றை மட்டும் மாற்றலாம். ஆனால் கார் தண்ணீரில் மூழ்கி எழுந்தது என்றால் நான்கையும் சோதிக்கச் சொல்லுங்கள். "ஒண்ணு போச்சுன்னா எல்லாம் போயிரும்ண்ணா" என்று கடையில் சொன்னால், மற்ற மூன்றிலும் நறநறப்பைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை.

போலி பேரிங்கும் சந்தையில் உண்டு. பெட்டியில் உள்ள பாக எண்ணும் பேரிங்கின் வளையத்தில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். எஸ்.கே.எஃப். போன்ற நிறுவனங்கள் பொருள் அசல்தானா என்று பார்க்க செயலியே வைத்திருக்கின்றன. பில்லில் பாக எண்ணை எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பேரிங்கையும் கேட்டு வாங்குங்கள். அதைக் கையில் வைத்துச் சுற்றினாலே, மாற்றியது சரியா என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஓடும் வழியில் சத்தம் திடீரென்று அரைக்கிற மாதிரி மாறினாலோ, ஸ்டீயரிங் ஆட ஆரம்பித்தாலோ, "வீடு பக்கம்தானே" என்று ஓட்ட வேண்டாம். வேகத்தை மெல்லக் குறைத்து ஓரம் கட்டுங்கள். தொப்பூர் - சேலம் தேசிய நெடுஞ்சாலையில் இருந்தால் 1033-க்கு அழைக்கலாம். காரை எடுத்துப்போகும்போது கெட்ட சக்கரம் தரையில் உருளாதபடி லாரியில் ஏற்றியோ, அந்தச் சக்கரத்தைத் தூக்கியோதான் கொண்டுபோக வேண்டும்.

வேலை முடிந்து கார் கைக்கு வந்ததும், நக்கிள் கழற்றியிருந்தால் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். சத்தம் வந்த அதே சாலையில், அதே வேகத்தில், பாட்டை நிறுத்திவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடி ஒருமுறை, குறுக்கு நெடுக்காக, சரியான அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள்.